அம்மாவுடன் டோக்கியோவில் பத்து நாட்கள்: திருவிழாவை எங்கே, எப்படிப் பார்ப்பது?

வெள்ளவத்தை வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாட்கள் டோக்கியோவில் தங்கப் போகிறேன். அம்மாவுக்கு 67 வயது. 1982இல் ஜப்பானின் உதவியுடன் ரூபவாஹினி தொடங்கிய புதிதில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில், தெருவை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் பொன்னிறக் கூடொன்றைத் தோளில் சுமந்து ஆட்டி ஆட்டிக் கொண்டுவருவதை அவர் பார்த்திருக்கிறார். “நாங்கள் சுவாமி தூக்குகிற மாதிரியே அவர்களும் தூக்குகிறார்கள், பிள்ளை” என்று இன்றைக்கும் சொல்வார். அதை அவருக்கு நேரில் காட்டவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொழும்பில் இரண்டு பயண முகவர்களிடம் நிரல் கேட்டு வாங்கினேன். இரண்டிலும் உயர்ந்த கோபுரங்களும் கடைத்தொகுதிகளும் கேளிக்கைப் பூங்காக்களும் நிறைந்திருந்தனவே தவிர, கோயிலுக்கென்று ஒதுக்கியிருந்தது அரை மணித்தியாலம்தான். திருவிழா என்ற சொல்லே அவற்றில் இல்லை. ஆகவே அங்கே வாழ்ந்தவர்களிடமும் போய்வந்தவர்களிடமும் கேட்கிறேன். மே மாதத்தில், மிகோஷி என்று அவர்கள் சொல்லும் அந்தக் கூட்டின் ஊர்வலத்தைப் பார்க்க எந்த இடத்துக்கு, எந்த நாளில் போகவேண்டும்? எங்கே தங்கினால் அலைச்சல் குறையும்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒரு தடவையாவது எங்காவது உட்காரவேண்டும். முட்டைகூடத் தொடாத சைவம். அங்குள்ள கோயில்களுக்குள் நம்மைப் போன்றவர்கள் போய்க் கும்பிடலாமா, அதற்கு முறை ஏதும் உண்டா என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

முகத்துவாரத்தான் எழுதுகிறார்:

தங்கச்சி, வேலையின் பொருட்டு டோக்கியோவின் அசகுசாப் பகுதியில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உங்கள் பயணத்தை அசகுசாவிலேயே தொடங்கி, தங்குவதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சஞ்சா மட்சுரி என்ற திருவிழா மே மாதத்தின் மூன்றாவது வாரஇறுதியில், வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும். விமானச் சீட்டை வாங்குமுன் அந்த மூன்று நாட்களையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு, எஞ்சிய ஏழு நாட்களையும் அதைச் சுற்றி அடுக்குங்கள்.

அந்தத் திருவிழாவின் கதை அம்மாவுக்குப் பிடிக்கும். 628ஆம் ஆண்டில், சுமிதா ஆற்றில் வலைவீசிய மீனவச் சகோதரர் இருவருக்கு மீன் கிடைக்காமல் கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் சிறு படிமம் கிடைத்தது என்றும், அதன் மகிமையை அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டையே கோயிலாக்கினார் என்றும் சொல்வார்கள். அந்தக் கோயில்தான் இன்றைய சென்சோஜி. அதைக் கண்டெடுத்த இரு மீனவரையும் அந்தப் பெரியவரையும் பக்கத்திலேயே அசகுசாக் கோயிலில் தெய்வங்களாக வைத்து வணங்குகிறார்கள். வலையில் விழுந்த பொன்மீனை இறைவனுக்கென்றே கடலில் விட்ட அதிபத்தரை நாயனாராக வணங்குகிற நமக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. சஞ்சாவின் மூன்று பெரிய மிகோஷிகளும் இந்த மூவருக்கும் உரியவை.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் இசையும் ஆடலுமாக ஓர் ஊர்வலம் வரும், அது அமைதியானது. சனிக்கிழமை சுற்றுவட்டாரத்தின் 44 குறிச்சிகளிலிருந்தும் ஏறத்தாழ 100 மிகோஷிகள் வரும். சிறு பிள்ளைகள் தூக்கும் சிறிய மிகோஷிகளும் அவற்றில் உண்டு. ஞாயிறு விடியற்காலையில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தொன் எடையுள்ள மூன்று பெரிய மிகோஷிகளும் கோயிலை விட்டு வெளியேறி, இருட்டும் வரை குறிச்சி குறிச்சியாகச் சுற்றித் திரும்பும். அந்த ஞாயிறு விடியலை வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்பது என் கருத்து.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபதைக் கடந்தவர். அவருடைய வலது தோளில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு தடிப்பு இருந்தது. நோய் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சட்டையை விலக்கி அதைத் தட்டிக் காட்டி, ஐம்பது ஆண்டுகளாக மிகோஷியின் தண்டு அழுத்திய இடம் என்றார். அப்படிப்பட்ட தடிப்புக்கு அவர்களிடம் தனிப் பெயரே இருக்கிறது. தூக்குபவர்கள் அதை வேண்டுமென்றே மேலும் கீழும் குலுக்குவார்கள். குலுக்கக் குலுக்க உள்ளே இருக்கும் தெய்வத்தின் ஆற்றல் பெருகும் என்பது நம்பிக்கை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மிகோஷி தெருவில் வரும்போது மாடியில் நின்று குனிந்து பார்ப்பது தெய்வத்தை அவமதிப்பதாகக் கருதப்படும். நல்ல காட்சி கிடைக்கிறதே என்று மாடிக் கடைக்கு ஏறிவிடவேண்டாம். மிகோஷியின் மேல் ஆட்கள் ஏறி நின்ற பிரச்சினையால் 2008இல் மூன்று பெரிய மிகோஷிகளின் உலாவையே கோயில் நிறுத்திவைத்தது என்றால், அவர்கள் இதை எவ்வளவு பாரதூரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது விளங்கும்.

சென்சோஜியின் முற்றத்தில் பெரிய தூபக்கலம் ஒன்று இருக்கிறது. வலியுள்ள இடத்தில் அந்தப் புகை படும்படி கையால் அள்ளித் தடவிக்கொள்வார்கள். அம்மாவை அங்கே நிறுத்தி முழங்காலுக்குத் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அருகில் உள்ள ஐந்தடுக்குக் கோபுரம் 1945 குண்டுவீச்சில் எரிந்து 1973இல் மீண்டும் எழுந்தது. அதன் உச்சித் தட்டில் இருக்கும் புத்தரின் தாது, நம் நாட்டு அனுராதபுரத்து இசுருமுனிய விகாரையிலிருந்து போனது.

பழைய ஆசிரியை எழுதுகிறார்:

மகளே, மேலே தம்பி சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன், ஞாயிறு விடியலைத் தவிர. நான் மூன்று முறை டோக்கியோவுக்குப் போனவள். மருமகன் அங்கே வேலை செய்கிறார். ஞாயிறு காலையில் கோயில் முற்றத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும். உட்கார இடம் இராது, திரும்பிப் போக வழியும் இராது. முழங்கால் வலியுள்ளவரை அங்கே நிறுத்துவது சரியல்ல. சனிக்கிழமை பிற்பகலில் பெருந்தெருவை விட்டு உட்குறிச்சி ஒன்றுக்குள் போங்கள். ஒவ்வொரு குறிச்சியும் தன் மிகோஷியை இறக்கிவைக்கத் தெருவோரத்தில் பந்தல் போட்டிருக்கும். அதன் ஓரத்தில் வயதான பெண்கள் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். போன முறை நான் தயங்கி நிற்பதைக் கண்ட ஒரு பாட்டி, எழுந்து தம் நாற்காலியையே எனக்குத் தந்துவிட்டார். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் ரதம் பம்பலப்பிட்டிக்கு வரும்போது நாம் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்போமே, அந்த முகங்களை நான் அந்தக் குறிச்சியில் பார்த்தேன். முற்றத்து நெரிசலில் முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

கும்பிடும் முறை கேட்டிருந்தீர்கள். வாசலில் இரண்டு தூணும் குறுக்குச் சட்டமுமாகத் தோரி என்ற வளைவு இருந்தால் அது ஜப்பானியரின் பழைய மதமான ஷின்தோவின் கோயில். அங்கே வாசற்புறத் தொட்டியில் அகப்பையால் நீரெடுத்துக் கை அலம்பி, வாயையும் கொப்பளித்துவிட்டுப் போய், இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, கடைசியாக ஒரு முறை குனிந்து வணங்கவேண்டும். பௌத்த கோயிலில் கைதட்டக் கூடாது. நாம் கும்பிடுவது போலக் கைகூப்பினால் போதும். சென்சோஜி பௌத்த கோயில், பக்கத்திலிருக்கும் அசகுசாக் கோயில் ஷின்தோ. நாம் உள்ளே போவதை எவரும் தடுப்பதில்லை.

சைவக் குடும்பம் என்றபடியால் இன்னும் மூன்று இடங்களைச் சொல்லவேண்டும். உவேனோவின் ஷினோபசுக் குளத்து நடுத்தீவில் இருக்கும் பென்சைதென் நம்முடைய சரஸ்வதியேதான். வீணைக்குப் பதிலாகப் பிவா என்னும் வாத்தியம் அவளுக்குரியது. அந்தக் கோயிலைச் சுற்றி நினைவுக்கற்கள் பல உண்டு: பழகித் தேய்ந்த சமையல் கத்திகளுக்கு ஒன்று, மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒன்று, உணவாகிப் போன மீன்களுக்குக்கூட ஒன்று. சரஸ்வதியின் வாசலில், உழைத்த கருவிக்கு நன்றி சொல்லும் கல்லைப் பார்த்ததும் நான் ஆயுத பூசையைத்தான் நினைத்தேன்.

இரண்டாவது, சென்சோஜியிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள மட்சுச்சியாமா ஷோதென். அங்கே இருப்பவர் கான்கிதென், அதாவது நம் விநாயகர். அவருடைய உருவத்தை எவருக்கும் காட்டமாட்டார்கள்; திரைக்குப் பின்னாலேயே வைத்திருப்பார்கள். நாம் மோதகம் படைப்பது போல அவர்கள் வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள். பலிபீடம் முழுவதும் கழுவித் துடைத்த முள்ளங்கிகள், இலைக் காம்போடு, வரிசையாக அடுக்கியிருக்கும். சிறு குன்றின் மேலே உள்ள கோயில்தான், ஆனால் படி ஏற முடியாதவர்களுக்காகச் சிறிய தண்டவாள வண்டி ஒன்று ஓடுகிறது. கட்டணம் இல்லை.

மூன்றாவது, மொன்சென்-நகச்சோவில் உள்ள புககாவா ஃபுதோ என்ற பௌத்த கோயில். அங்கே கோமா என்று அவர்கள் சொல்வது நம்முடைய ஹோமம்தான். பெயரும் அதிலிருந்தே வந்தது. நாளொன்றுக்குப் பலமுறை நடக்கும், யாரும் உள்ளே இருந்து பார்க்கலாம், படம் மட்டும் எடுக்கக்கூடாது. பேரிகைகள் முழங்க, தீ ஆளுயரத்துக்கு எழும். “நமஹ சமந்த வஜ்ராணாம்” என்ற மந்திரம் அந்தக் குருமார் வாயில் “நோமக்கு சன்மன்தா பசாரதான்” என்று ஒலிப்பதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடியார்கள் தங்கள் கைப்பைகளைக் கொடுத்து அந்தத் தீயில் காட்டி வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் ஒன்று. இவற்றைக் காட்டி, எல்லாம் நம்மிடமிருந்து போனவை என்று அம்மாவிடம் சொல்லிவிடவேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோவுடன் சேர்ந்து தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள ஒற்றுமைகளை ஆராய்ந்தவர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். இரு மொழியும் ஒரே உறவு என்ற ஓனோவின் முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே சொன்ன தெய்வங்கள் வந்த வழி தெளிவானது. அவை இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானை அடைந்தவை. இந்த மந்திர மரபை 806இல் சீனத்திலிருந்து கொண்டுவந்தவர் கூகாய் என்னும் துறவி. சென்சோஜியில் உள்ள கன்னோனும் அவலோகிதேசுவரரே. அகத்தியர் தமிழைக் கேட்டது அவலோகிதரிடம் என்று நம்முடைய பழைய பௌத்த இலக்கணம் ஒன்று சொல்லும். தமிழ் கற்பித்த எனக்கு அந்தச் சந்நிதியில் நிற்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வெள்ளவத்தை வாசகி எழுதுகிறார்:

அண்ணாவுக்கும் ஆசிரியை அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பதில்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விநாயகருக்கு முள்ளங்கி என்றதும் இரண்டு முறை திருப்பி வாசிக்கச் சொன்னார். ஞாயிறு பற்றி ஆசிரியை அம்மா சொன்னதையே கேட்கப் போகிறோம். சாப்பாட்டைப் பற்றித்தான் இன்னும் பயமாக இருக்கிறது. மரக்கறி என்று சொல்லித் தருவதில் மீன் கலந்திருக்கும் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

ரயில் பயணி எழுதுகிறார்:

அக்கா, அது உண்மை. காரணத்தை விளங்கிக்கொண்டால் தப்புவது எளிது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. அதைப் பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுக்கிறார்கள். சூரை மீனை அவித்து, புகையிட்டு, மரக்கட்டை போல இறுகும்வரை உலர்த்திச் சீவுவதுதான் கட்சுவோபுஷி. நம் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசியின் உடன்பிறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பலில் மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும் மாசி இருப்பது போல, அங்கே நூடுல்ஸ் சாற்றிலும் மிசோ சூப்பிலும் அவித்த கீரையிலும் அது இருக்கும். சமைப்பவருக்கு அது மீனாகவே தோன்றாது, ஆகவே மீன் உண்டா என்று கேட்டால் இல்லை என்று மனமறிந்து பொய் சொல்லாமலே சொல்லிவிடுவார். கட்சுவோ தாஷி கலந்திருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஜப்பானிய மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்து காட்டுங்கள். கொம்பு என்ற கடற்பாசியில் எடுக்கும் தாஷி சைவம்தான்.

ஒரு நேரமாவது ஷோஜின் ரியோரி சாப்பிடுங்கள். துறவிகளின் மடத்துச் சமையல் அது. இறைச்சியும் மீனும் கிடையாது, மரபுப்படி வெங்காயமும் உள்ளியும்கூடச் சேர்ப்பதில்லை. முன்பதிவு தேவைப்படும், விலையும் கூட. மற்ற நாட்களுக்கு இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. தங்குமிடத்தில் சமையல் வசதி இருந்தால் சோறு வடித்துக்கொள்ளலாம். ஆனால் பழங்களையும் கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக விடமாட்டார்கள்.

புகையிரத நிலையங்களைப் பற்றி ஒரு சொல். மின்தூக்கி அனேகமாக எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. எந்த வாசலில் மின்தூக்கி இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்துவிட்டுப் போனால் அம்மாவுக்கு நூறு படி மிச்சம். மே மாதத்தில் சுமோ மற்போர்ப் போட்டியும் டோக்கியோவின் ரியோகோகுவில் 15 நாட்கள் நடக்கும். சஞ்சா நாட்களோடு பெரும்பாலும் பொருந்திவரும். கீழ்த்தளத்தில் மெத்தை போட்டுத் தரையில்தான் உட்காரவேண்டும், ஆகவே நாற்காலி உள்ள மேல்தளச் சீட்டையே வாங்குங்கள். அதுவும் வெறும் விளையாட்டில்லை: மல்லர்கள் களத்தில் உப்பை வீசித் தூய்மை செய்வார்கள், களத்தின் மேலே ஷின்தோ கோயிலுக்கு உள்ளதைப் போன்ற கூரை தொங்கும்.

இன்னொன்று, அதே மாதத்தில் கண்டா மட்சுரி என்ற திருவிழாவைப் பற்றியும் வாசிப்பீர்கள். அதன் பெரிய உலா ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான். இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் சன்னோ மட்சுரியின் முறை வரும். எந்த ஆண்டு என்று பார்த்துத் திட்டமிடுங்கள்.

முகத்துவாரத்தான் எழுதுகிறார்:

ஆசிரியை அம்மா சொன்னது சரி. நான் அங்கே இருந்தபோது எனக்கு முப்பது வயது. ஞாயிறு விடியலை அந்தக் கால்களை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

டோக்கியோவிலிருந்து ஒரு மணித்தியாலப் புகையிரதப் பயணத்தில் உள்ள கமகுராவுக்கும் ஒரு நாள் போங்கள். வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் 11 மீற்றர் உயர வெண்கலப் புத்தரைக் காண எல்லோரும் போவார்கள். அதே வளாகத்தில் ஜே. ஆர். ஜயவர்தனவின் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், ஜப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்று கூறி, பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் வாக்கை அவர் எடுத்துரைத்தார். அதற்கு அவர்கள் காட்டிய நன்றி அந்தக் கல். 1983 ஜூலையில் அவர் ஜனாதிபதியாக இருந்த கொழும்பில் என் குடும்பம் வீட்டை இழந்தது. அந்தக் கல்லின் முன் நான் வெகுநேரம் நின்றேன். உங்கள் அம்மா அதைப் பார்க்க விரும்புவாரா என்று நீங்கள்தான் அறிவீர்கள். இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றியது.

வெள்ளவத்தை வாசகி எழுதுகிறார்:

அண்ணா, அம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, புத்தரைப் பார்ப்போம், கல்லை அங்கே போய் யோசிப்போம் என்றார்.

வெள்ளி பிற்பகல் ஊர்வலம், சனி உட்குறிச்சி, ஞாயிறு உவேனோவில் சரஸ்வதி என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா இன்னொன்று கேட்கச் சொன்னார்: விநாயகருக்குப் படைக்கிற முள்ளங்கியை இங்கிருந்தே நல்லதாகப் பார்த்துக் கொண்டுபோகலாமா?

பழைய ஆசிரியை எழுதுகிறார்:

கொண்டுபோக முடியாது மகளே, கறிவேப்பிலைக்குச் சொன்ன அதே விதிதான். கோயிலிலேயே படைப்பதற்கென்று முள்ளங்கி விற்கிறார்கள். அம்மாவே தம் கையால் எடுத்துப் பீடத்தில் வைக்கட்டும். படைத்து முடிந்த முள்ளங்கிகளை அடியார்களுக்குத் திருப்பித் தருவதும் உண்டு. அறையில் அடுப்பு இருந்தால், தேங்காய்ப்பால் ஒரு பெட்டி வாங்கி, அன்றிரவே அதில் சொதி வைத்துவிடுங்கள்.